புல்லு மருந்து

சாமிக்கண்ணு மாமா வீட்டில் முதன்முதலாக மக்காச்சோளம் போட்டது போன தை மாதம். அதுவும் மருமகள் பேச்சைக் கேட்டு. எங்கள் ஊரில் இது சின்னச் செய்தி இல்லை. புவனகிரிக்கு மேற்கே, வெள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். சம்பா அறுத்தால் உளுந்து, மேட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, வசதிப்பட்டவன் கரும்பு. இதைத் தாண்டி எவனாவது ஒன்றைப் போட்டால் டீக்கடைக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சு கிடைத்துவிடும்.

மருமகள் பவானி வேப்பூர் பக்கத்துப் பெண். அதுவும் இதே கடலூர் மாவட்டம்தான். ஆனால் மேற்கே போகப் போக மண் வேறு, பயிர் வேறு. அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம்தான் நிற்கும். அவள் கல்யாணமாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. புருஷன் இளவரசு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான், விவசாயம் என்றால் அவனுக்கு ஆகாது. மாமியார் அமிர்தம் அத்தைக்கு முழங்கால் வலி. ஆக வீட்டில் மண்ணைத் தொடுகிறவர்கள் மாமனாரும் மருமகளும்தான், இரண்டு பேருக்கும் வாய் நீளம். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அதனால் டிவி தேவைப்பட்டதில்லை.

அவர்களுக்கு மேட்டுக் கொல்லை ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. இரண்டு வருடமாக மல்லாட்டை பிடுங்குகிற நேரம் பார்த்து மழை வந்து கொடியோடு முளைத்துப்போனது. பவானி சும்மா இருப்பாளா? சோளம் போடலாம், சோளம் போடலாம் என்று ஐப்பசியிலிருந்து அரித்து எடுத்துவிட்டாள். கடைசியில் மாமா ஒரு நாள் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

“போடு. ஒரு தடவ பாத்துடுவோம். வெளஞ்சா, இனிமே மேட்டுக் கொல்லயில என்னா போடறதுன்னு நீதான் சொல்லணும், நான் வாயத் தொறக்க மாட்டேன். வெளயலன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது. செரியா?”

“செரி மாமா. அத்த, நீங்கதான் சாட்சி.”

“என்ன உடுங்கடி யம்மா,” என்றாள் அத்தை.

தை ஐந்தாம் தேதி விதைத்தார்கள். கயிறு கட்டிப் பார் பிடித்து, பவானி குனிந்து குனிந்து ஒரு சாணுக்கு ஒரு விதையாக ஊன்றினாள். மாமா பின்னாலேயே வந்து மண்ணைத் தள்ளி மூடினார். போர்த் தண்ணீர் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலை அவள் மருந்து டேங்கை எடுத்து முதுகில் மாட்டியபோதுதான் முதல் சண்டை வந்தது. களை முளைப்பதற்கு முன்னாலேயே மண்ணில் அடிக்கிற அட்ரசின் பாக்கெட்டை அவள் ஊரிலிருந்தே வாங்கி வந்திருந்தாள்.

“வெத இன்னம் மூக்கையே நீட்டல. அதுக்குள்ள மருந்தா? என்னா புள்ள நீ?”

“மொளச்சப்பறம் இத அடிச்சி பிரயோசனம் இல்ல மாமா. மூணு நாளைக்குள்ள, மண்ணு ஈரமா இருக்கறப்பவே அடிச்சிடணும். களை மொளைக்கறப்பவே செத்துடும். சோளத்த ஒண்ணும் பண்ணாது.”

“களையக் கொல்லுமாம். சோளத்தக் கண்டா மட்டும் கும்புட்டுட்டுப் போயிடுமாம். யாருகிட்ட கத உடற?”

“எங்க ஊருல வந்து பாருங்க.”

“உங்க ஊருல பாத்துதான் உன்னக் கட்டியாந்தோம். போதும்.”

அரை மணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் கிழக்குப் பக்கத்து அரை ஏக்கர் துண்டில் மட்டும் அடித்துக்கொள் என்று மாமா இறங்கி வந்தார். மீதி ஒரு ஏக்கரில் கை வைக்கக் கூடாது. அவள் அந்தத் துண்டில் பின்பக்கமாகவே நடந்து நடந்து அடித்தாள். அடித்த ஈரமண்ணில் கால் படக்கூடாதாம். வரப்பில் நின்ற இரண்டு பேர், பேய் ஓட்டுகிறாளா என்று கேட்டுச் சிரித்தார்கள். பவானி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, திரும்பினால் வரிசை தவறிவிடும்.

பதினைந்து நாளில் கொல்லை இரண்டு நிறமாகிவிட்டது. கிழக்குத் துண்டில் சோளம் மட்டும், இடையில் வெறும் மண். மேற்கே ஒரு ஏக்கரில் சோளத்துக்குச் சமமாகக் குதிரைவாலிப் புல்லும் அருகும். களை எடுக்கக் கூப்பிட்டால் ஆள் இல்லை. நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது, மிச்ச ஆட்கள் கரும்பு நடவுக்குப் போயிருந்தார்கள். ரோட்டில் சைக்கிளில் போகிறவன் எல்லாம் காலை ஊன்றி நின்று, “என்னா சாமிக்கண்ணு, இந்தப் பக்கம் மருமவளுது, அந்தப் பக்கம் மாமனாருதா?” என்று கேட்டுவிட்டுப் போனான். மாமாவுக்கு அது முள் மாதிரி குத்தியது. அவர் நாற்பது வருட விவசாயி.

அந்தச் சமயம் பார்த்து பவானியின் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. கிளம்புகிறபோது கைப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“இருவது நாளுல அடிக்கறதுக்கு சோளத்துக்குன்னே ஒரு மருந்து இருக்கு மாமா. நான் வர்றப்ப வாங்கியாறேன். அதுவரிக்கும் புல்லு கெடந்தா கெடக்கட்டும். நீங்க எதையும் அடிச்சிடாதீங்க.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தான் மாமா மறுநாளே டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு புவனகிரிக்குப் போனார் என்பது என் அபிப்பிராயம்.

உரக்கடையில் அவர் கேட்டது நாலே வார்த்தை. “புல்லு மருந்து ஒண்ணு குடுப்பா.” கடைப்பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியில் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அட்டையில் ‘டேங்குக்கு 40 மில்லி’ என்று பேனாவில் எழுதினான். அவ்வளவுதான் வியாபாரம்.

மாமாவுக்கு அந்த மருந்து புதிதில்லை. பத்து வருடமாக உளுந்து வயலில் அதைத்தான் அடிக்கிறார். தை, மாசியில் எங்கள் பக்கம் புல்லு மருந்து என்றால் அந்த மருந்துதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. உளுந்துக்கு நடுவில் இருக்கிற புல்லை எல்லாம் கருக்கிவிடும், உளுந்தின் ஒரு இலையைத் தொடாது. மாமா போட்ட கணக்கு இதுதான்: விரல் பட்டால் வாடிப்போகிற உளுந்தையே ஒன்றும் செய்யாத மருந்து, இரண்டு ஆள் உயரம் வளரப்போகிற சோளத்தையா செய்துவிடும்? கேட்டால் எனக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும். எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும்.

பனி காய்கிற வரைக்கும் காத்திருந்து, மூஞ்சியில் துண்டைக் கட்டிக்கொண்டு, பத்து டேங்கு அடித்தார். கிழக்குத் துண்டில் புல்லே இல்லாததால் அங்கே அடிக்கவில்லை. சாயங்காலம் டீக்கடைக்கு வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. “அந்தப் புள்ள வர்றதுக்குள்ள கொல்லயச் சுத்தம் பண்ணிட்டேன்,” என்றார்.

நாலாம் நாள் புல் மஞ்சளாகப் பழுத்தது. ஆறாம் நாள் சோளமும் பழுத்தது. நடுக்குருத்து ஊதா நிறமாகி, வளராமல் அப்படியே நின்றது.

மாமா டீக்கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார். அவருக்குப் பதிலாக ஊர் பேசியது. மண்ணுக்கு ஒத்துக்கல என்றார்கள். வேப்பூர்க்காரி கொண்டாந்த பயிரு வெள்ளாத்துத் தண்ணிக்கு வருமா என்றார்கள். முளைக்கும் முன்னாலேயே மண்ணில் விஷத்தை அடித்தாள், அது பரவிவிட்டது என்றும் ஒருவர் கண்டுபிடித்தார். விஷம் அடித்த துண்டு பச்சையாக நிற்கிறதே, அடிக்காத பக்கம் ஏன் சாகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ‘மண்ணுக்கு ஒத்துக்கல’ என்று நானும் இரண்டு பேரிடம் சொன்னேன். சொன்னதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொன்னால் நியாயமாக இருக்காது.

பவானி ஊருக்குப் போன பத்தாம் நாள்தான் திரும்பி வந்தாள். பையை வாசலில் வைத்தவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கொல்லைக்கு நடந்தாள். மாமா பின்னாலேயே போனார், நானும் இருப்புக் கொள்ளாமல் போனேன்.

அவள் மேற்குப் பக்கம் இறங்கி ஒரு செடியின் குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாக அழுகியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். பக்கத்துச் செடி, அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று இழுத்துக்கொண்டே போனாள், எல்லாம் கையோடு வந்தன.

“என்னா மருந்து மாமா அடிச்சீங்க?”

“மருந்துனால இல்ல. மண்ணு ஒத்துக்கல.”

“என்னா மருந்து?”

“புல்லு மருந்துதான். நம்ம உளுந்துக்கு அடிக்கறது. அது புல்லத் தவிர வேற எதையும் தொடாது. பத்து வருசமா அடிக்கறேன், எனக்குத் தெரியாதா?”

பவானி கையில் இருந்த குருத்துகளை அவர் முன்னால் நீட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“சோளமே புல்லுதான் மாமா.”

மாமா சிரித்துவிட்டார். “சோளம் புல்லா? அப்ப தென்ன மரம் கீரையா?”

“உளுந்து வயல்ல நெல்லுத் தாளுலேருந்து மறுபடி துளிர் வரும் இல்ல, மறுதாம்பு? இந்த மருந்து அடிச்சா அது என்னா ஆவும்?”

“செத்துடும். அதுக்குத்தான அடிக்கறது.”

“நெல்லு எப்படிச் செத்துச்சு? அதுவும் புல்லு ஜாதி. கரும்பு புல்லு ஜாதி. சோளமும் அதே ஜாதி. உளுந்து வேற ஜாதி, அதான் பொழைக்குது. மருந்துக்கு ஒசரம் தெரியாது மாமா, ஜாதிதான் தெரியும்.”

மாமாவின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. மறுதாம்பு சாவதை அவர் வருடா வருடம் கண்ணால் பார்க்கிறவர். துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு வரப்பில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு நிமிடம்தான் இருக்கும். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து கிழக்குத் துண்டுக்குப் போய், நன்றாக இருக்கிற செடிகளின் குருத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

மதியம் சாப்பாட்டில்தான் வெடித்தது. கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்திருந்த அத்தை என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். வெளியாள் ஒருவன் இருந்தால் சண்டை வராது என்று நினைத்திருப்பாள் பாவம். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னார்:

“அருண்பாண்டியன் கிட்ட டிராக்டருக்குச் சொல்லிட்டேன். நாளன்னிக்குக் காலையில வர்றான். ஒன்றரை ஏக்கரும் ஓட்டிட்டு உளுந்து வெதைச்சிடலாம்.”

பவானி குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். “ஒன்றரை ஏக்கருமா? செத்தது ஒரு ஏக்கருதான மாமா. கெழக்கால துண்டு நல்லாத்தான நிக்குது.”

“அரை ஏக்கருக்குன்னு எவன் தனியா தண்ணி கட்டிக்கிட்டு நிப்பான்?”

“நான் நிப்பேன்.”

“பன்னி வந்து மேயும்.”

“நானே காவ இருக்கேன்.”

“வெளயலன்னா வாயத் தொறக்கக் கூடாதுன்னு பேச்சு. மறந்துடுச்சா?”

“வெளயாமயா போச்சு? மருந்தடிச்சி சாவடிச்சிட்டு வெளயலன்னு சொல்றீங்களே மாமா. ஊரே எங்க அப்பா ஊரு மண்ண இழுத்துப் பேசுது. நீங்க ஒருத்தர் கிட்டயாச்சும், நான்தான் மருந்து மாத்தி அடிச்சிட்டேன்னு சொன்னீங்களா?”

மாமா கையை உதறிவிட்டு எழுந்தார். “நாளன்னிக்கு டிராக்டர் வரும். அவ்ளோதான்.”

எனக்கு அவரைத் தெரியும். தண்ணீர் கட்டுவதும் பன்றியும் சும்மா சொன்னது. செத்த ஏக்கருக்குப் பக்கத்தில் அந்த அரை ஏக்கர் பச்சையாக நின்றால், ரோட்டில் போகிறவன் ஒருவன் இல்லாவிட்டால் ஒருவன் காரணம் கேட்பான். அந்தத் துண்டு நிற்கிற வரைக்கும் அவர் செய்தது ஊருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அதைத்தான் அவர் உழுதுவிடப் பார்த்தார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு பவானி புவனகிரிக்கு வந்தாள். எனக்கு அங்கே கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை. நேர் எதிரே அந்த உரக்கடை. ஒரு கையில் காலி மருந்து பாட்டில், இன்னொரு கையில் உரச் சாக்கு. படி ஏறிப் போய்ச் சாக்கைக் கவிழ்த்தாள். அழுகின குருத்துகள் கடை வாசலில் குவிந்து விழுந்தன. முதலாளி தமிழ்மணி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னாம்மா இது குப்பய இங்க கொண்டாந்து கொட்ற?”

“உங்க கட மருந்துதாங்க. பத்து நாளு முன்னாடி எங்க மாமா வாங்கியாந்தாரு.”

அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். “புல்லு மருந்து. கேட்டாரு, குடுத்தோம். புல்லு செத்துச்சா இல்லியா?”

“செத்துச்சு. நல்ல மருந்துதான், கொற சொல்ல முடியாது. சோளமும் சேந்து செத்துச்சு.”

“சோளத்துக்கா அடிச்சாரு?” தமிழ்மணி நெற்றியில் கை வைத்தார். “அட ஆண்டவனே. இந்தப் பக்கம் தை மாசத்துல எவன் சோளம் போடறான்? வர்றவன் எல்லாம் உளுந்துக்குத்தான் வாங்கறான்.”

“எந்தப் பயிருக்குன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“அவுரு சொல்லணும்மா. விவசாயம் பண்றவருக்குத் தெரியாதா?”

“அவருக்குத் தெரிஞ்ச பேரு புல்லு மருந்து. அதத்தான் கேட்டாரு. இந்த அட்டையில இருக்கற எழுத்து எறும்பு சைசுல இருக்கு. அத அவரால படிக்க முடியாது. உங்களால முடியும். மருந்து விக்கறவங்கதான் கேக்கணும்.”

“ஒரு நாளைக்கு எரநூறு பேரு வர்றான். ஒவ்வொருத்தங்கிட்டயும் நின்னு வெசாரிச்சிக்கிட்டு இருந்தா கட நடத்த முடியுமா? செரி, உனக்கு என்னா வேணும்? அந்தப் பாட்டிலு காசத் திருப்பித் தந்துடறேன், வாங்கிட்டுக் கெளம்பு.”

“காசு வேணாங்க. எங்க ஊருக்கு ஒருக்கா வந்து, ‘பயிரு எதுன்னு நாங்க கேக்காம குடுத்துட்டோம், மருந்துனாலதான் செத்துச்சு, மண்ணுனால இல்ல’ன்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லுங்க. அது போதும்.”

கடைப்பையனே சிரித்துவிட்டான். தமிழ்மணி சிரிக்கவில்லை. “வேற வேல இல்ல எனக்கு? எறங்கும்மா கீழ.”

பவானி இறங்கினாள். ஆனால் போகவில்லை. கடைப் படிக்குப் பக்கத்தில், ரோட்டு ஓரத்தில், முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடையைப் பார்த்து, “புல்லு மருந்து ஒண்ணு” என்று குரல் கொடுத்தார்.

“எந்தப் பயிருக்குங்க அய்யா?” என்று பவானி கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். “உளுந்துக்கு. ஏம்மா?”

“உளுந்துக்குன்னா வாங்குங்க. நல்லா கேக்கும்.”

அடுத்து பைக்கில் ஒரு பையன். அவனிடமும் அதே கேள்வி. அதற்கடுத்து மூன்று பேர். பூச்சி மருந்து வாங்க வந்தவனையும் விடவில்லை, யூரியா வாங்க வந்தவனையும் விடவில்லை. ஒருவர் எரிந்து விழுந்தார்: “நீ யாரு என்னக் கேக்கறதுக்கு? உன் வேலயப் பாரு.”

“என் வேலதாங்க இது. எங்க ஒரு ஏக்கரு அதோ அந்தப் படியில கெடக்குது பாருங்க.”

அவர் படியில் கிடந்த குவியலைப் பார்த்தார். அப்புறம் தணிந்த குரலில், “கத்திரிக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. மாசி அப்போதுதான் பிறந்திருந்தது, காலையில் பனி பெய்தாலும் பகலில் தார் ரோடு காய்ந்தது. நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இளவரசு. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“பவானி, உரக்கடக்காரரு போன் பண்ணாரு. ரோட்டுல நின்னுக்கிட்டு கலாட்டா பண்றியாமே?”

“கலாட்டா இல்லீங்க. கேள்வி கேக்கறேன்.”

“என்னா கேள்வி?”

“மருந்து எந்தப் பயிருக்குன்னு.”

“இதுல என்னா கலாட்டா இருக்குது?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

“செரி, சவாரி ஏறிட்டாங்க. வெயிலு ஜாஸ்தியா இருந்தா மோரு வாங்கிக் குடி.”

விவசாயம் ஆகாது என்றேனே தவிர, அவனுக்கு மூளை ஆகாது என்று நான் சொல்லவில்லை.

தமிழ்மணி ஏதேதோ செய்து பார்த்தார். கடைப்பையனை விட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். “கூப்புடுங்க, அவங்க வூட்லயும் வெவசாயம் இருக்கும்” என்றாள். சாக்கில் குருத்துகளை அள்ளிப் போடச் சொன்னார், கடைப்பையன் அள்ளினான். அவள் இரண்டு குருத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். மதியமாகிவிட்டது. அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. டீக்கடை, பூக்கடை, செருப்பு தைக்கிறவர் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கடையில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வெளியே திரும்பி நின்றே எடுத்தார்கள்.

இரண்டு மணி இருக்கும். டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு வயதான அம்மாள் இறங்கி வந்தாள். விருத்தாம்பாள் என்று பெயர், என் கடையில் பட்டா நகல் எடுத்திருக்கிறாள், அதனால் தெரியும். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஊர். மருந்துப் பெயர் எழுதின சீட்டெல்லாம் ஒன்றும் இல்லை. “தம்பி, புல்லு மருந்து மூணு பாட்டிலு” என்றாள். கடைப்பையன் மூன்று பாட்டிலையும் எடுத்துப் பைக்குள் போட்டு நீட்டிவிட்டான்.

“எந்தப் பயிருக்கும்மா?” என்று பவானி கேட்டாள். குரல் கம்மிப் போயிருந்தது.

“நடவுக் கரும்புக்கும்மா. ரெண்டு ஏக்கரும் புல்லா மண்டிக்கெடக்குது. நாளைக்கு அடிக்க ஆளு சொல்லியிருக்கேன்.”

பூக்கடைப் பக்கம் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு, பூக்காரப் பெண்ணுக்குக்கூடக் கரும்பும் புல் ஜாதி என்று தெரிந்திருந்தது. பவானி திரும்பினாள். கல்லாவில் இருந்த தமிழ்மணியைப் பார்த்தாள்.

தமிழ்மணி எழுந்தார். கடைப்பையன் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினார். மூன்று பாட்டிலையும் தானே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போய் வேறு ஒரு மருந்தைக் கொண்டுவந்தார். “கரும்புக்கு இது பெரியம்மா,” என்றார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அப்ப மொதல்ல குடுத்தது?” என்று விருத்தாம்பாள் கேட்டாள்.

தமிழ்மணி பில் புத்தகத்தைத் தேடினார். அப்போதுதான் சாமிக்கண்ணு மாமாவின் டிவிஎஸ் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்தேன். யாரோ ஊருக்குப் போன் போட்டுவிட்டிருந்தார்கள். அவர் எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. வண்டியை விட்டு இறங்காமல், இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

தமிழ்மணிக்கு உயிர் வந்தது. “வாங்க பெரியவரே. நல்ல நேரத்துல வந்தீங்க. காலையிலேருந்து மானம் போவுது. உங்க மருமவளக் கூட்டிட்டுப் போங்க மொதல்ல.”

பவானி மாமாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஆனால் இவர் ஒரு வார்த்தை அதட்டினால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடிந்தால் டிராக்டர் வரும். கிழக்குத் துண்டு போய்விடும். அதன்பிறகு அந்த வீட்டில் அவள் பயிரைப் பற்றிப் பேசவே முடியாது. இவ்வளவு பேர் முன்னால் ஒரு ஆம்பிளை தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. நானே ஒப்புக்கொண்டதில்லை.

மாமா வண்டியை ஸ்டாண்டு போட்டார். பவானி கையில் இருந்த இரண்டு குருத்தையும் வாங்கிக்கொண்டார். விருத்தாம்பாளைப் பார்த்துத்தான் பேசினார்.

“உனக்கு மொதல்ல குடுத்த மருந்து இதும்மா. நான் வாங்கிட்டுப் போயி எங்க சோளத்துல அடிச்சேன். சோளத்துக்குன்னு நான் சொல்லல. இவுரு எதுக்குன்னு கேக்கல. பத்து டேங்கும் நான்தான் அடிச்சேன், எங்கையால. மண்ணு மேல தப்பு இல்ல, வெத மேல தப்பு இல்ல. வேணாம், அடிக்காதீங்கன்னு இந்தப் புள்ள சொல்லிட்டுத்தான் போச்சு. அதுக்காகவே அடிச்சேன்.”

எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் டீக்கடையில் நின்றார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, “போயி ஊருலயும் சொல்லுங்கடா” என்றார்.

“என்னா பெரியவரே, நீங்களும் சேந்துக்கிட்டு...” என்று தமிழ்மணி ஆரம்பித்தார்.

“நீங்க ராத்திரி எத்தினி மணிக்குக் கட சாத்துவீங்க?”

“எட்டு மணிக்கு. எதுக்கு?”

மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தூரத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கி, நம்பரைத் தேடி அழுத்தினார்.

“அருணு? நான் சாமிக்கண்ணு. நாளைக்கு வர்றப்ப கெழக்கால துண்டுக்குள்ள வண்டிய உட்டுறாத. அதுல ஒரு செடி சாஞ்சாலும் உன்ன சும்மா உட மாட்டேன். மேக்கால ஏக்கரு மட்டும் ஓட்டு... என்னா வெதைக்கறதா? எனக்கு எப்படிடா தெரியும்? எம்மருமவதான் சொல்லணும்.”

போனை அணைத்துப் பையில் போட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, அவள் நின்றிருந்த இடத்தில் போய் நின்றார். பவானி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பைக்கில் வந்த ஒருவன் கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“அழுவாத புள்ள, பசிமயக்கம் வந்துடும்,” என்றார் மாமா. “போயி எதுனா சாப்புட்டு வா. நீ வர்ற வரிக்கும் நான் கேக்கறேன்.”